ஒரு மணிக்கு வர வேண்டியவர்

கத்தி கழுத்தில் இருந்தபோதுதான் வலி வந்தது. கழுத்து, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல்காரருடையது. வலி, கத்தியைப் பிடித்திருந்த சலூன்காரருக்கு. மேல்வயிற்றில், நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ செருகித் திருகியது போல இருந்தது. முப்பத்தெட்டு வருடத் தொழில் அவர் கையில் ஊறியிருந்தது. கை முதலில் கத்தியைக் கழுத்திலிருந்து விலக்கியது, மடக்கியது, கண்ணாடி முன்னால் இருந்த தட்டில் வைத்தது. அதற்குப் பிறகுதான் அவர் மடங்கினார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தொப்பென்று சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால், கண்ணாடியில் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வெட்டிப் போட்ட முடிக்கு நடுவில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார் சலூன்காரர். முகம் வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. நெற்றியில் வியர்வை கோத்து நின்றது.

"அண்ணே! என்னாச்சுண்ணே?"

"ஒண்ணுமில்ல தம்பி... வாயு பிடிச்சிருக்கும். அரை மணியில சரியாயிடும்."

எதைக் கேட்டாலும் அவர் அரை மணி என்றுதான் சொல்வார். ஆறு பேர் காத்திருந்தாலும் "உட்காருங்க, அரை மணியில முடிச்சிடலாம்" என்பார். அந்தத் தெருவில் அவருக்குப் பேரே அரைமணி என்றாகிவிட்டது.

"உங்க அரை மணியை நம்பினா நான் இந்தப் பக்கத்துத் தாடியோட ஒரு வாரம் திரிய வேண்டியதுதான். எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

எழ முடியவில்லை. நிமிர்ந்தால் வயிறு கிழிவது போல் இருந்தது. குனிந்தபடியே, தரையில் எதையோ தேடுகிறவர் மாதிரி, கடை வாசல்வரை வந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் முகத்துச் சோப்பு நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஒரு கன்னம் மழமழவென்றும் ஒரு கன்னம் கருகருவென்றும், அவரைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினார். எல் போர்டு மாட்டிய வண்டி. பழகுகிறவர்கள் ஆமை மாதிரி ஓட்டும் அந்த வண்டி அன்று போன வேகத்தைப் பார்த்து, வழியில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"தம்பி, இப்ப மணி என்ன?"

"பதினொண்ணே கால்."

"ஒரு மணிக்குள்ள விட்டுடுவாங்களா?"

"கடைய நான் பாத்துக்கறேன்ணே. பேசாம வாங்க."

அவர் கேட்டது கடைக்காக இல்லை. ஆனால் அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இறங்கி ஏறும்போது உயிர் போய் உயிர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்புப் பையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டார். சாவி இருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் பேர் கேட்டார்கள், வயது கேட்டார்கள். அறுபத்து மூன்று. ஒரு சக்கரம் ஒழுங்காக உருளாத தள்ளுபடுக்கையில் ஏற்றி, பச்சைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். திரையின் இடைவெளி வழியாக மருந்து கொடுக்கும் ஜன்னலும் அதற்கு மேலே ஒரு கடிகாரமும் தெரிந்தன. அப்புறம் அவர் அந்தக் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மருத்துவர் ஒரு இளம்பெண். காலையிலிருந்து உட்காராதவர் போல இருந்தார். வயிற்றில் கை வைத்தவர் சட்டென்று கையை எடுத்தார். வயிறு மரப்பலகை மாதிரி விறைத்திருந்தது.

"ஐயா, தினமும் ஏதாவது மாத்திரை போடுவீங்களா?"

"இடுப்பு வலிக்குப் போடுவேன் டாக்டரம்மா. நாள் பூரா நின்னுக்கிட்டே செய்யற வேலை."

"எத்தன?"

"காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. வலி கூடினா இன்னொண்ணு."

"யாரு எழுதிக் கொடுத்தாங்க?"

"மருந்துக் கடையிலயே கேட்டு வாங்கிக்குவேன்."

"எத்தன நாளா?"

"ஒரு ரெண்டு வருஷமா."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார் சலூன்காரர். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

நின்று செய்யும் வேலை முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறது. இடுப்பு வலி இரண்டு வருடமாகத்தான். அந்த இரண்டு வருடமாகத்தான் அவர் மனைவியைத் தூக்கி எழுப்பிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். உடம்பில் பலம் இல்லாமல் இல்லை அவளுக்கு. எதற்கு எழ வேண்டும், எதற்குக் குளியலறைக்குப் போக வேண்டும் என்பதுதான் மறந்துபோனது. உட்கார்ந்த இடத்தில் கல் மாதிரி உட்கார்ந்துவிடுவாள்.

அவள் பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவள். ஓய்வு பெற்று நாலு வருடத்தில் தெருப் பேர் மறந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் மறந்தார்கள், பிறகு மகள் மறந்தாள். பொட்டலம் மட்டும் மறக்கவில்லை. கையில் எது அகப்பட்டாலும் காகிதத்தில் வைத்து, நாலு மூலையும் கச்சிதமாக மடித்து அடுக்கிவிடுவாள். சீப்பு, சோப்பு, கரண்டி, பாதி தின்ற பழம். அவரும் கடையிலிருந்து பழைய செய்தித்தாளும் காலி அட்டைப்பெட்டியும் கொண்டுவந்து போடுவார். அது இருந்தால் போதும், பொழுது போய்விடும்.

இரண்டு முறை வெளியே போய்விட்டாள். முதல் தடவை பஸ் நிறுத்தத்தில், செருப்பில்லாமல். இரண்டாம் தடவை பெரிய சாலையைத் தாண்டி, மூடிக் கிடக்கும் பிஸ்கட் கம்பெனி வாசலில். லாரிகள் மயிரிழையில் விலகிப் போகிற சாலை அது. அன்று அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், போய் ஒரு பூட்டு வாங்கினார். காலையில் ஊட்டிவிட்டு, அடுப்பின் குழாயைக் கழற்றி அலமாரியில் வைத்து, வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போவார். ஒரு மணிக்கு வருவார், ஊட்டுவார், துடைத்துவிடுவார், மறுபடி பூட்டிக்கொண்டு போவார். பதினான்கு மாதமாக இப்படி. காதும் காதும் வைத்த மாதிரி நடத்திக்கொண்டிருந்தார். ஒரு இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில், வேறு நகரத்தில், மகள் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வாள். "அம்மா தூங்கறாம்மா." "அம்மா குளிக்கறா." "அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், போன்ல பேச மாட்டேங்கறா."

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நினைவு தப்ப ஆரம்பித்த புதிதில், ஒரு மழை நாளில், தெளிவாக இருந்த நேரம் பார்த்து மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "என்னை எங்கயும் கொண்டுபோய் விட்டுடாதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாமப் போனாலும் விட்டுடாதீங்க." விடமாட்டேன் என்று தலையில் கை வைத்துச் சொன்னவர் அவர்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். கடிகாரத்தில் ஒன்றுக்குக் கால் மணி இருந்தபோது டாக்டரம்மா படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"ஐயா, இரைப்பையில ஓட்டை விழுந்திருக்கு. மாத்திரை அரிச்ச புண்ணு. உள்ள இருக்கறதெல்லாம் வயித்துக்குள்ள கசியுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். வீட்ல யாரு இருக்காங்க?"

"சம்சாரம்."

"வரச் சொல்லுங்க. கையெழுத்துப் போடணும்."

"அவ வர மாட்டா."

"ஏன்?"

"உடம்பு சரியில்ல."

"வேற யாராவது?"

"யாரும் இல்ல டாக்டரம்மா. நீங்க ஒரு ஊசி போடுங்க, வலிக்கு. நான் வீட்டுக்குப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். அரை மணி நேரம்."

"நீங்க போனா திரும்பி வர மாட்டீங்க ஐயா."

"கண்டிப்பா வருவேன்மா."

"நான் அதச் சொல்லல. வழியிலயே போயிடுவீங்கன்னு சொல்றேன்."

ஒரு மணி ஆயிற்று. அவர் எழப் பார்த்தார். இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். ஒன்றரை ஆயிற்று. "போகணும், என்னை விடுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. மனைவியை மாட்டைக் கட்டுவது மாதிரி அடைத்து வைத்திருக்கிறேன் என்று, முகம் தெரியாத இத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது? வலி வயிற்றிலிருந்து வலது தோள்பட்டைக்கு ஏறியது. மனதுக்குள் கணக்குப் போட்டார்: இந்நேரம் பசித்திருக்கும். இந்நேரம் துணி நனைந்திருக்கும். காகிதம் தீர்ந்திருக்குமோ?

இரண்டே கால் மணிக்கு டிரைவிங் ஸ்கூல்காரர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அன்றைய வகுப்புகளையெல்லாம் ரத்து செய்துவிட்டு, பார்க்கிறவர்கள் எல்லாம் தன் அரைத் தாடியை உற்றுப் பார்ப்பதைச் சகித்துக்கொண்டு, அவ்வளவு நேரமும் வெளியே உட்கார்ந்திருந்தார். சொந்தமில்லை, பந்தமில்லை. மாதம் இருமுறை முகம் மழிக்க வருகிறவர்.

"அண்ணே, என்ன அடம் இது? தியேட்டர் தயாராயிடுச்சாம். உங்களுக்கு உயிர் மேல ஆச இல்லையா?"

சலூன்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். குழாய் போட்ட மூக்கோடு, காதருகே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க."

"தம்பி, கதவத் தட்டாதீங்க, பயந்துடுவா. மெதுவாத் தொறந்து, 'பொட்டலம் எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்'னு சொல்லுங்க. கம்பெனி ஆளுன்னு நினைச்சுக்குவா. அலமாரியில சாப்பாடு வெச்சிருக்கேன். ஸ்பூன்ல குடுங்க, கையில குடுத்தா மடிச்சு வெச்சுடுவா. தண்ணி சின்னச் சின்ன மடக்காத்தான்..."

"சரிண்ணே."

"மக நம்பர் காலண்டர்ல எழுதியிருக்கும். அவகிட்ட..." நிறுத்தினார். "சரி. சொல்லிடுங்க."

கட்டைவிரலில் மையைத் தடவிக்கொள்ளக்கூடத் தயாராக இருந்தார்; பேனாவைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கடிகாரம் பின்னால் போய்விட்டது.

அன்று வீட்டில் நடந்ததை அவர் நாலு நாள் கழித்துத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டார். தேதி தெரியாது, வருடம் தெரியாது, கட்டிய புருஷன் யார் என்று தெரியாது. ஆனால் ஒரு மணிக்கு யாரோ வருவார்கள் என்று மட்டும் அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்ட ஆரம்பித்தாள். தட்டல் அடியானது. கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து பார்த்தால், வெளியே பூட்டு தொங்குகிறது, உள்ளே ஒருத்தி "வரல, வரல" என்று கத்திக்கொண்டே கதவை அறைகிறாள். ஆட்கள் கூடினார்கள். போலீஸுக்குப் போன் போனது. அப்போதுதான் அரைத் தாடியோடு ஒருவர் கையில் சாவியை வைத்துக்கொண்டு படியேறி வந்தார். அவரை அடிக்காமல் விட்டதே பெரிது.

கதவைத் திறந்தபோது அவள் உள்ளங்கைகள் தோலுரிந்து, வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. சலூன்காரர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"பொட்டலம் எடுத்துட்டுப் போக வந்திருக்கேம்மா."

அவள் அழுகையை நிறுத்தினாள். பதற்றத்தோடு சுற்றும்முற்றும் பார்த்தாள். "இன்னும் முடியல. நாலு பெட்டி பாக்கி. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினாள். கூடியிருந்தவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. சலூன்காரர் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடி கீழே, அவளுக்குக் கட்டுப் போட்டு, கீழ்வீட்டு அம்மாவோடு அனுப்பினார்கள். அவருக்கு அது தெரியாது.

மகள் மறுநாள் காலை வந்தாள். ஆனால் நாலாம் நாள்தான் அப்பாவிடம் வந்து உட்கார்ந்தாள். அதுவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நகக் கீறல் இருந்தது.

"வயிறு வலிக்குதாப்பா?"

"பரவாயில்லம்மா."

கொஞ்ச நேரம் குழாயில் சொட்டுகிற மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவ பூட்டி வெச்சிருந்தீங்களாப்பா?"

அவர் போர்வையை இழுத்து மார்புவரை மூடிக்கொண்டார்.

"போலீஸ்ல என்னைக் கேக்கறாங்க, எத்தன நாளா நடக்குதுன்னு. எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்றேன். அவங்க என்னைப் பாக்கற பார்வை இருக்கே... பெத்த பொண்ணுக்குத் தெரியாதாம்."

"உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான்..."

"தொந்தரவா? எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா!" குரல் உயர்ந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் தணிந்துகொண்டாள். கொஞ்சம் கழித்து, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். "எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அம்மா தூங்கிட்டேவா இருப்பாங்க? ஆனா கேக்கல. கேட்டா வரணுமே. ரெண்டு பிள்ளைங்க, வேலை... கேக்கவே இல்லப்பா நான்."

அவர் அவள் கையைத் தொட்டார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

எட்டாம் நாள் டாக்டரம்மா வந்து தையலைப் பார்த்தார். இனி அந்த மாத்திரையைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார்.

"ஆள எழுப்பி உட்கார வைக்கலாமா டாக்டரம்மா? மெல்லமா?"

"ஐயா, நீங்க எழுந்து உட்கார்றதுக்கே இன்னொருத்தர் வேணும்."

மகள் அதற்குள் ஒரு காப்பகத்தைப் பார்த்து வைத்திருந்தாள். நினைவு தப்பியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். தன் வீட்டுக்குக் கூட்டிப்போக முயலாமல் இல்லை. புது இடம் பழகுமா என்று, ஒரு இரவு தங்கும் விடுதியில் அம்மாவோடு தனியாக இருந்து பார்த்தாள். அம்மா விடிய விடியக் கத்தினாள். கட்டிப்பிடித்த மகளைத் திருடி என்று அறைந்தாள். காலையில் மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காப்பகத்துப் படிவத்தில் கணவர் கையெழுத்து வேண்டும். படுக்கையில் சாய்ந்தபடி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மகள் பேனாவை நீட்டினாள்.

"அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேம்மா."

"புரியுதுப்பா. உங்களுக்கு என்ன தோணுதோ செய்ங்க."

அப்படிச் சொன்னாளே தவிர, பேனாவை நீட்டியபடியே இருந்தாள். வேறு வழி ஏதாவது சொல்லமாட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் அதே கேள்வியோடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்; "வா, வா, இன்னும் வா" என்று ஒரு குரல் வழி சொல்லிக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை இருந்துவிட்டு, போட்டுக் கொடுத்தார். அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. தையல்தான் காரணம் என்று நர்ஸிடம் சொன்னார்.

போலீஸில் எச்சரித்து அனுப்பினார்கள். தெருவில் யாரும் முகத்துக்கு நேராக எதுவும் கேட்கவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். முன்பெல்லாம் பொழுதன்னைக்கும் பேச்சுச் சத்தம் கேட்கும் கடை அது. டிரைவிங் ஸ்கூல்காரர் மட்டும் வந்து மீதித் தாடியை எடுத்துக்கொண்டு, "இந்தப் பக்கத்துக்கு இருபத்தோரு நாள் ஆச்சுண்ணே, உலக சாதனை" என்று சொல்லிச் சிரித்தார். நடுவில் வேறு எங்கும் போய் மழித்துக்கொள்ளாமல், முழுத் தாடியாக வளர விட்டிருந்தார். அவர் சிரிக்க வைக்கச் சொன்னதற்காகச் சலூன்காரரும் சிரித்தார். சிரித்தால் தையல் போட்ட இடம் இன்னும் இழுத்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று காப்பகத்துக்குப் போவார். இரண்டு பஸ் மாற வேண்டும். நீளமான கூடம், சுவரோரமாக நாற்காலிகள், எல்லோரும் ஒரே நிற அங்கியில். முதல் முறை அவள் திரும்பியே பார்க்கவில்லை. எடை குறைந்திருந்தாள். கையில் காகிதம் இல்லை. கேட்டதற்கு, காகிதத்தை வாயில் போட்டுக்கொள்கிறவர்கள் இருப்பதால் யாருக்கும் கொடுப்பதில்லை என்றார்கள். வெறும் விரல்கள் மடியில் எதையோ மடித்துக்கொண்டே இருந்தன. மூலையைப் பிடிப்பதும், திருப்புவதும், தட்டி வைப்பதுமாக.

இரண்டாம் முறை தூங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை கொடுத்திருக்கிறோம் என்றார்கள். அவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

ஆறாவதோ ஏழாவதோ முறை, அவள் விழித்திருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியைக் கைகாட்டினாள்.

"உட்காருங்க. ரொம்ப நேரமா நிக்கறீங்க."

உட்கார்ந்தார். எவ்வளவோ மாதம் கழித்து அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான்.

"இடுப்பு வலியா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

"உங்களயும் இங்க கொண்டுவந்து விட்டுட்டாங்களா?"

"இல்லம்மா. நான் சும்மா பாக்க வந்தேன்."

"யாரப் பாக்க?"

அவள் விடை வருமென்று காத்திருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று ஒரு கரிசனம் அவள் முகத்தில் வந்தது. பழைய முகம், பழைய அக்கறை. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்கிறவளின் முகம்.

"சீக்கிரம் போங்க. வீட்ல தேடுவாங்க."

"சரிம்மா" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அவள் சொல்லிவிட்டதால் எழுந்தார். கூடத்தின் கடைசியில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவள் அதற்குள், மறுபக்கத்து நாற்காலியில் இருந்த வேறொருத்தியிடம் எதையோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.